சண்டை சாமிக்காகவா, தெருவுக்காகவா?

எதிர்வெயில் | பதிவு 1

போன வாரம் எங்கள் வீட்டுப் பதினாறாம் நாள் காரியத்தில், பந்தி நடுவே ஒரு வாக்குவாதம். சித்தப்பா, "மதம் என்று ஒன்று இல்லாதிருந்தால் உலகத்தில் பாதிச் சண்டை நடந்திருக்காது" என்றார். எதிர்வரிசையில் இருந்த பெரிய மாமா, "மதம் இல்லாத ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கு வெட்டிக்கொள்வார்கள், போ" என்றார். ரசம் வருவதற்குள் இருவரும் இலையை மூடிவிட்டார்கள். பாயசம் மிஞ்சிவிட்டது.

எனக்கு இதில் உறுதியான கருத்து ஏதும் இல்லை. இருவர் சொல்வதும் சரி என்றே படுகிறது, அதுதான் தொல்லை. எந்த மதம் மோசம் என்ற பட்டியல் மட்டும் வேண்டாம். பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஈரோட்டுக் கண்ணாடி | பதிவு 2

உங்கள் சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வாய்க்கால் தண்ணீரைப் பங்கு போடலாம். உனக்கு மூன்று நாள், எனக்கு மூன்று நாள் என்று முறை வைக்கலாம். "என் கடவுள் ஒருவரே மெய்" என்பவனிடம் போய், வாரத்தில் மூன்று நாள் மட்டும் மெய் என்று ஒப்பந்தம் போட முடியுமா? 1095இல் போப் இரண்டாம் அர்பன் கிளெர்மோன்டில் நின்று அழைப்பு விடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ஜெருசலேம் தெருக்களில் ரத்தம் ஓடியது. பிரான்சிலிருந்து நடந்துபோன உழவனுக்கு ஜெருசலேமில் எந்த வாய்க்காலில் பங்கு இருந்தது?

மாமா சொல்வதில் ஓர் உண்மை உண்டு. மனிதன் எதற்கு வேண்டுமானாலும் அடித்துக்கொள்வான். ஆனால் தண்ணீருக்காக வெட்டியவன் சிறையில் தலைகுனிந்து உட்காருகிறான். கடவுளுக்காக வெட்டியவன் நிமிர்ந்து உட்காருகிறான்.

கல்வெட்டு வாத்தியார் | பதிவு 3

இருபது ஆண்டுகளாகப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு மாணவன் கேட்டுவிடுவான்.

மதப் போர் என்றாலே எல்லோரும் காட்டுவது ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை. 1618இல் பிராகா கோட்டையின் ஜன்னல் வழியாகக் கத்தோலிக்க அதிகாரிகளைத் தூக்கி வெளியே எறிந்ததில் தொடங்கியது. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் நடந்த போர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்படியானால் ரிஷெலியூவை எங்கே வைப்பது? அவர் கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால், பிரெஞ்சு மன்னரின் முதலமைச்சர். அவர் பணம் கொடுத்துத் தாங்கியது புராட்டஸ்டன்ட் சுவீடனை. 1635இல் பிரான்சு நேரடியாகவே கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் அரச குலத்துக்கு எதிராக இறங்கியது. சிவப்பு அங்கி போட்டவரே அண்டை வீட்டுக்காரன் பெரியவனாகிவிடக் கூடாது என்றுதான் கணக்குப் பார்த்தார்.

நம் பக்கம் வாருங்கள். நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி இருவரும் சோழர்கள். ஒருவன் முற்றுகை போட, இன்னொருவன் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தான். கோவூர் கிழார் போய்ச் சொன்னது என்ன? உன்னோடு பொருபவன் பனம்பூச் சூடிய சேரன் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். நீ சூடியதும் ஆத்தி, அவன் சூடியதும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். அதில் எந்தச் சாமி வந்தது?

போர்களைத் தொகுத்த ஓர் ஆங்கிலக் கலைக்களஞ்சியம் 1,763 போர்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் 123ஐத்தான் மதப் போர் என்று வகைப்படுத்தியிருக்கிறது. நூற்றுக்கு ஏழுகூட இல்லை.

ஈரோட்டுக் கண்ணாடி | பதிவு 4

வாத்தியார் ஐயா, 123 என்று வகைப்படுத்தியது யார்? தொகுத்தவர்கள்தானே. நாட்டுப் பிடிப்பு, அரியணை, மதம் மூன்றும் பிசைந்து கிடக்கும் மாவிலிருந்து உப்பை மட்டும் தனியாக எடுத்து நிறுத்துப் பார்க்கிறார்கள்.

அதோடு, பிராகா ஜன்னலுக்கு வந்த காரணத்தையும் சொல்லிவிடுங்கள். புராட்டஸ்டன்டுகள் தங்களுக்கென்று தேவாலயம் கட்டினார்கள், கத்தோலிக்கத் தரப்பு அதை நிறுத்தியது, ஒன்றை இடித்தது. வழிபாட்டிடத்தில் தொடங்கிய தகராறு இல்லையா அது?

கல்வெட்டு வாத்தியார் | பதிவு 5

ஆமாம். அந்த நிலம் யாருடையது, அதில் கட்ட உரிமை உண்டா என்பதுதான் வழக்கு. நிலத் தகராறு என்று நான் சொல்வேன், மதத் தகராறு என்று நீங்கள் சொல்வீர்கள். சமன்.

ஓய்வுபெற்ற குமாஸ்தா | பதிவு 6

இத்தனை நாள் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இந்தக் கடைசி இரண்டு பதிவுகள் என் உத்தியோகத்தை நினைவூட்டிவிட்டன.

வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள். எழுத்தராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். திருவிழாக் காலம் வந்தால் சமாதானக் கூட்டமும் வந்துவிடும். இரு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைத்து, ஒரு பக்கம் போலீஸ், ஒரு பக்கம் நாங்கள், நடுவில் தேநீர். நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. நூற்றுக்கு மேல் எழுதியிருப்பேன். அவற்றில் ஒன்றில்கூடக் கடவுள் உண்டா, எத்தனை பேர், எப்படி இருப்பார் என்று யாரும் பேசி நான் எழுதியதில்லை. ஒலிபெருக்கிக் குழாய் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், ஊர்வலம் வடக்குத் தெருவுக்குள் திரும்பலாமா, கொடி எத்தனை அடி உயரம், முதல் பரிவட்டம் யாருக்கு. இவ்வளவுதான்.

ஒரு கூட்டம் மட்டும் மறக்கவில்லை. 1994. ஊர்ப் பெயர் வேண்டாம். ஆடியில் அம்மன் கோவில் கரகம் பள்ளிவாசல் தெரு வழியாகப் போகும். சந்தனக்கூடு அம்மன் கோவில் வழியாகப் போகும். இரண்டும் காலங்காலமாகப் போய்க்கொண்டிருந்தவைதான். அந்த ஆண்டு என்னவோ, மேளம் நிற்கவில்லை என்று ஒரு பக்கம், நிறுத்தச் சொல்ல நீ யார் என்று மறுபக்கம். நாலு மண்டை உடைந்தது.

கோட்டாட்சியர் நல்ல மனிதர். "எங்கிருந்து எதுவரை நிறுத்த வேண்டும்?" என்று கேட்டார். இரு தரப்பும் கலந்து பேசி, பள்ளிவாசலுக்குக் கிழக்கே உள்ள மின்கம்பத்திலிருந்து மேற்கே உள்ள அடிகுழாய் வரை என்று ஒப்புக்கொண்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் போய் அளந்துவந்தார், 110 அடி. அதே 110 அடிக்குக் கோவில் முன்பு சந்தனக்கூட்டின் நகரா முரசும் நிற்கும். நான் எழுதினேன்: "மேற்படி தூரத்தில் பம்பை, தவில், உறுமி ஆகிய வாத்தியங்களை அடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டனர்."

கையெழுத்துப் போடும் நேரத்தில் கோவில் தரப்பில் ஒருவர் எழுந்தார். "உறுமியை நாங்கள் அடிப்பதில்லை, தேய்க்கிறோம்" என்றார்.

உண்மைதான். ஒரு முகத்தை அடிப்பார்கள், மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்ப்பது அடிப்பதாகுமா என்று நாற்பது நிமிடம் விவாதம். ஜமாத் பெரியவர், "சத்தம் வருகிறதா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்" என்றார். டி.எஸ்.பி. ஆளை அனுப்பி ஓர் உறுமியைக் கொண்டுவரச் செய்தார். அலுவலகக் கூடத்தில் வைத்துத் தேய்த்துக் காட்டினார்கள். பட்டா மாற்ற வந்த ஜனம் முழுக்க ஜன்னலில். கடைசியில் நான் எழுதியது: "அடிப்பதோ தேய்ப்பதோ இல்லை."

பிறகு அந்த ஆண்டு வாரச்சந்தைக் குத்தகை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கோப்பைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். உங்களுக்கும் சொல்லத் தேவையில்லை.

இது இன்று நேற்று வந்த வழக்கும் அல்ல. 1882இல் சேலம் பற்றி எரிந்தது, மசூதி முன்பாக மேளத்தோடு ஊர்வலம் போவதை ஒட்டித்தான். அதில் சிறைக்குப் போய், உயர் நீதிமன்றத்தில் விடுதலை வாங்கிவந்தவர்தான் சேலம் விஜயராகவாச்சாரியார், பின்னால் 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர். பொதுத்தெருவில் ஊர்வலம் போகும் உரிமையைப் பற்றி 1924இல் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பை நாங்கள் மேற்கோள் காட்டிக்கொண்டே இருப்போம். அந்த வழக்கில் ஊர்வலம் போனவர்கள் ஷியா, எதிர்த்தவர்கள் சன்னி. இரு தரப்பும் முஸ்லிம்கள்.

தெற்குவாசல் | பதிவு 7

காஞ்சிபுரம் பெருமாள் கோவில் யானைக்கு வைணவத்தின் இரு பிரிவுகளில் வடகலை நாமம் போடுவதா, தென்கலை நாமம் போடுவதா என்று வழக்குப் போன கதையை இன்னும் யாரும் எடுக்கவில்லையே! யானையை யாராவது கேட்டார்களா?

மட்டுறுத்துநர் | பதிவு 8

யானைக் கதை இந்தக் களத்தில் ஏற்கெனவே பத்து முறை வந்துவிட்டது. இதற்குக் கீழே இருந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எழுதியவர்களுக்குக் காரணம் தெரியும்.

கல்வெட்டு வாத்தியார் | பதிவு 9

யானை போகட்டும். அந்தச் சண்டையின் அடியில் ஓர் அழகான தத்துவம் இருக்கிறது. பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா கிடந்தால் போதும். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இறைவன் அருளுக்கு நாம் பூனைக்குட்டியா, குரங்குக்குட்டியா? இதைப் பற்றி இரவு முழுக்கப் பேசலாம், ஒரு மண்டையும் உடையாது. மண்டை உடைவது, சந்நிதியில் முதலில் பாடும் தனியன், அதாவது ஆசாரியரைப் போற்றும் சுலோகம், "ஸ்ரீசைலேச" என்று தொடங்குவதா, "ராமானுஜ" என்று தொடங்குவதா என்பதில். குமாஸ்தா ஐயா சொல்வது இங்கேயும் பொருந்துகிறது.

மழைக்கோட்டு | பதிவு 10

குமாஸ்தா ஐயாவின் உறுமியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாகர்கோவில்காரி. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன்.

இங்கே லாம்பெக் என்று ஒரு முரசு உண்டு. மார்போடு கட்டிக்கொண்டால் ஆளே மறைந்துவிடுவார், அவ்வளவு பெரிது. ஜூலை 12 அன்று ஆரஞ்சு அமைப்பு என்ற புராட்டஸ்டன்ட் சங்கத்தார் ஊர்வலம் போவார்கள், 1690இல் பாய்ன் ஆற்றங்கரையில் புராட்டஸ்டன்ட் மன்னர் வில்லியம் ஜெயித்த நினைவாக. கத்தோலிக்கர் வாழும் தெருவழியாகப் போகலாமா, தேவாலயத்தைக் கடக்கும்போது என்ன வாசிக்கலாம் என்று முடிவு செய்ய 1998 முதல் அரசாங்கமே ஓர் ஆணையம் வைத்திருக்கிறது. சில இடங்களில் பக்திப் பாடல் மட்டும், சில இடங்களில் ஒற்றை முரசடி மட்டும் என்று எழுத்தில் உத்தரவு போடுகிறார்கள். ஐயா, உங்கள் மின்கம்பமும் அடிகுழாயும் இங்கே ஓர் அரசுத் துறை!

இரு தரப்பு மோதலில் சுமார் முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 3,500 உயிர்கள் போன பிறகு வந்த அமைதி இது. 1998 புனித வெள்ளி ஒப்பந்தம். நற்கருணையில் அப்பம் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலாகிறதா என்பதற்காக ஒருவர்கூடச் சாகவில்லை. 1968இல் மக்கள் தெருவுக்கு வந்தபோது கேட்டது வீடும் வேலையும் உள்ளாட்சி ஓட்டும்தான். ஆனாலும் நகரம் பிரிந்திருப்பது எப்படி? பள்ளி வேறு, தெரு வேறு, இரவானால் சில சுவர்க் கதவுகளை இன்றும் மூடுகிறார்கள். என் வார்டில் ஒரு முதியவர். கடைசியாக எப்போது கோவிலுக்குப் போனார் என்று அவருக்கே நினைவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று முதல் நாளே என்னிடம் விசாரித்துவிட்டார். பள்ளிப் பெயர் தெரிந்தால் போதும், மதம் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தின் எட்டாம் எழுத்தைப் புராட்டஸ்டன்டுகள் "எய்ச்" என்பார்கள், கத்தோலிக்கர் "ஹெய்ச்" என்பார்கள். அந்தக் காலத்தில் அந்த ஓர் எழுத்து ஆளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

எங்கள் வேதாகமத்தில், நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறையில் காவல் நின்றவர்கள் வருகிறவனிடமெல்லாம் "ஷிபோலேத்" என்று சொல்லச் சொல்வார்கள். "சிபோலேத்" என்றால் வெட்டு. 42,000 பேர். ஞாயிறு பள்ளியில் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை: வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவர்களும் கும்பிட்டது ஒரே கர்த்தரை.

புத்தளம் உப்பு | பதிவு 11

எங்கள் இலங்கையில் அந்தச் சொல் "பால்தி". சிங்களத்தில் வாளிக்குப் பெயர். கலவரக் காலங்களில் வழிமறித்து, வாளியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்களாம். நாக்குப் பிரண்டு "வால்தி" என்று வந்தால் தமிழர்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்த முஸ்லிம். பேசுவது தமிழ், கனவு காண்பது தமிழ். 1990 ஒக்டோபர் 30. எனக்கு ஒன்பது வயது. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், எல்லோரும் மைதானத்துக்கு வரச் சொல்லி. உம்மா அடுப்பில் மீன் வைத்திருந்தா. இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டும் என்றார்கள். வழியில் சோதனை. நகை, பணம், வாப்பாவின் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு மேசையில் வைக்கச் சொன்னார்கள். ஆளுக்குச் சில நூறு ரூபாயோடு விட்டார்கள். உம்மாவின் தையல் மெசின் வீட்டில் நின்றது. அதன் ஊசியில் என் பள்ளிச் சட்டை.

துப்பாக்கி வைத்திருந்த பெடியன்களில் ஒருவன் எங்கள் தெருவுக்குப் பால் கொண்டு வந்தவன். அவன் எங்களிடம் தொழுகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குர்ஆனில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியவும் தெரியாது. அவனுடைய இயக்கத்தில் இந்துக்களும் இருந்தார்கள், கத்தோலிக்கரும் இருந்தார்கள். கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் அங்கே சண்டை இல்லை. அந்த இரண்டு வாரத்தில் வடக்கிலிருந்து 70,000க்கு மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டோம். 2002இல் கிளிநொச்சியில் பத்திரிகையாளர் முன் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்கள்.

இதை மதச் சண்டை என்பீர்களா? எனக்கு அப்படிச் சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை. இலங்கையில் "முஸ்லிம்" என்பது மதத்தின் பெயர் மட்டும் அல்ல, இனத்தின் பெயர். பதிவேட்டில் தமிழர் ஒரு கட்டம், முஸ்லிம்களாகிய சோனகர் வேறு கட்டம். சோனகர் இனத்தால் தமிழரே என்று தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் கட்டுரை வாசித்தார். அந்தக் கருத்தை எங்கள் முன்னோர் விரும்பவில்லை, 1907இல் மறுப்பு எழுதினார்கள். 1915இல் சிங்களவர் எங்கள் கடைகளை எரித்தார்கள். அது தொடங்கியதும் பள்ளிவாசல் முன் பெரஹரா என்ற பௌத்த ஊர்வலத்தின் மேளத்தில்தான், குமாஸ்தா ஐயா. கம்பளையில் தொடங்கிய வழக்கு, கண்டியில் வெசாக் என்ற புத்தர் திருநாள் இரவில் வெடித்தது. அப்போது இராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். அதை எங்கள் பெரியவர்கள் மறக்கவில்லை.

சாமி எங்கேயும் வரவில்லை. ஆனால் எங்களைப் பிரித்தெடுக்க வேறு அடையாளமும் அவர்களிடம் இல்லை. பேச்சு ஒன்று, சோறு ஒன்று, நிறம் ஒன்று.

எதிர்வெயில் | பதிவு 12

அக்கா, இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. படித்தேன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஈரோட்டுக் கண்ணாடி | பதிவு 13

சகோதரி எழுதியதற்குப் பிறகு என் வாதத்தை எடுத்து வைக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வைக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் சேர்ந்து கடவுளை விடுதலை செய்துகொண்டிருக்கிறீர்கள்.

குமாஸ்தா ஐயாவின் நடவடிக்கைக் குறிப்பில் கடவுள் இல்லை என்கிறார். கூட்டத்தில் நிலச்சுவான்தாரின் பெயரையும் யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோரும் அவருடைய ஆள்கள்தானே? கடவுளைப் பற்றிப் பேசாதது அவர் பேச்சுக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிட்டதால். 110 அடிக்கு மேளம் நின்றால் தீட்டு, நிற்காவிட்டால் அவமதிப்பு என்று இரு பக்கமும் நம்புகிறதே, அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு. ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே வெடிகுண்டு. ஹோட்டல்களிலும் வெடித்தது. 250க்கு மேல் உயிர்கள். குண்டு கட்டியவர்களில் இருவர் கொழும்பின் பெரிய மசாலாப் பொருள் வணிகர் ஒருவரின் பிள்ளைகள். பணம் இருந்தது, வீடு இருந்தது. எந்தச் சந்தைக் குத்தகை கைமாறியது? எந்தத் தெரு? எந்தக் கம்பம்? இலங்கையில் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்களுக்குச் செய்த கொடுமை என்று ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். மறுமையில் கூலி கிடைக்கும் என்ற நம்பிக்கையை எடுத்துவிட்டால், அந்தக் காலையில் என்ன மிஞ்சும்?

ஓய்வுபெற்ற குமாஸ்தா | பதிவு 14

மிஞ்சாது. ஒப்புக்கொள்கிறேன்.

என் குறிப்பேடு தெருச் சண்டைக்கு மட்டும்தான் செல்லும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால்தான் சமாதானக் கூட்டம். எதிராளியே தேவையில்லாதவனை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது? அப்படிப்பட்டவனை நான் உத்தியோகத்தில் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் கருத்து வேறாக இருந்திருக்கும்.

ஆனால் தெருச் சண்டைக்கும் சாமிதான் காரணம் என்பதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். சிவகங்கைப் பக்கத்துக் கண்டதேவித் தேர் தெரியும் அல்லவா? தேர்வடம் பிடிக்கும் உரிமை கொண்ட நான்கு நாட்டார்களும் ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள், வடம் பிடிக்க எங்களுக்கும் உரிமை உண்டு என்று கேட்ட தலித் மக்களும் அதே சாமியைக் கும்பிடுகிறவர்கள். தேர் பல ஆண்டுகள் நின்றே போனது, 2024இல்தான் மறுபடி ஓடியது. சாமி இல்லாவிட்டால் தேர் இல்லை, தேர் இல்லாவிட்டால் வடம் இல்லை, சண்டையும் இல்லை என்பீர்கள். நான் வேலை பார்த்த வட்டத்தில் கண்மாய் மீன்பாசி ஏலத்தில் விழுந்த வெட்டு, எல்லாத் திருவிழாவையும் சேர்த்தாலும் விழவில்லை. வெண்மணியில் 1968இல் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியது கூலிக்காக. எரித்தவர்களும் எரிந்தவர்களும் எந்தெந்த மதம்?

புத்தளம் உப்பு | பதிவு 15

கண்ணாடி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. அந்த ஈஸ்டர் தாக்குதலை முன்நின்று நடத்தியவனைப் பற்றி முதலில் பொலிசில் முறைப்பாடு கொடுத்தவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள்தான். 2017இல் அவனும் அவன் ஆட்களும் வாளோடு போனது தேவாலயத்துக்கு அல்ல, சூஃபி வழி முஸ்லிம்களிடம். உங்கள் கேள்வி தவறு என்று சொல்லவில்லை. நம்பிக்கையால் வந்த கொலைதான் அது. அந்த நம்பிக்கையோடு முதலில் சண்டை போட்டவர்களும் நம்பிக்கைக்காரர்களே, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அதே ஆண்டு மே மாதம் எங்கள் பக்கம் முஸ்லிம் கடைகளை எரித்தார்கள். எரிக்க வந்தவர்கள் தேவாலயத்தில் இறந்தவர்களின் சொந்தக்காரர்கள் இல்லை. யார் யார் கடை எரிந்தது, யார் யார் கடை தப்பியது என்று பிறகு நாங்கள் பார்த்தோம். குமாஸ்தா ஐயா கோப்பை மூடி வைத்த மாதிரி நாங்களும் மூடி வைத்தோம்.

மூன்றாம் மணி | பதிவு 16

கொஞ்சம் இலகுவான செய்தி. புனிதப் பயணமாக ஜெருசலேம் போயிருந்தேன். இயேசுவின் கல்லறை மேல் கட்டிய தேவாலயத்தின் வாசலுக்கு மேலே, ஜன்னல் விளிம்பில், சாதாரண மர ஏணி ஒன்று சாத்தி வைத்திருக்கிறது. 1728ஆம் ஆண்டுப் படத்திலேயே அந்த ஏணி இருக்கிறது! ஆறு சபைகள் அந்த ஒரே கட்டடத்தைப் பங்கு வைத்திருக்கின்றன. 1852இல் துருக்கிச் சுல்தான் போட்ட உத்தரவுப்படி, அன்று எது எப்படி இருந்ததோ அது அப்படியே. எல்லோரும் ஒப்புக்கொள்ளாமல் ஏணியைக்கூட நகர்த்த முடியாது. சாவி தலைமுறை தலைமுறையாக ஒரு முஸ்லிம் குடும்பத்திடம், கதவு திறக்கும் உரிமை இன்னொரு முஸ்லிம் குடும்பத்துக்கு.

2002இல் கூரையில் காவலிருந்த காப்டிக் சபை (எகிப்தியக் கிறிஸ்தவர்) துறவி வெயில் பொறுக்காமல் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டார். எத்தியோப்பியத் துறவிகள் அதை ஆக்கிரமிப்பு என்றார்கள். கைகலப்பில் பதினொரு பேருக்குக் காயம். கல்லறை மண்டபம் சரிந்துவிடாமல் 1947இல் ஆங்கிலேயர் இரும்புச் சட்டம் போட்டு முட்டுக்கொடுத்தார்கள். பழுதுபார்க்க, ஆறில் முதன்மையான மூன்று சபைகளும் ஒப்புக்கொண்டது 2016இல்.

கல்வெட்டு வாத்தியார் | பதிவு 17

அந்த நாற்காலியை ஒரு விதத்தில் மெச்ச வேண்டும். அதற்கு எந்தப் பொருளாதாரக் காரணமும் கற்பிக்க முடியாது. கண்ணாடித் தோழருக்கு ஒரு வெற்றிப்புள்ளி.

ஈரோட்டுக் கண்ணாடி | பதிவு 18

எனக்கு வேண்டாம். அது வெயில் கொடுமை. அந்தத் துறவி பாவம்.

மழைக்கோட்டு | பதிவு 19

குமாஸ்தா ஐயா, அந்த 1994 ஒப்பந்தம் என்ன ஆனது? நின்றதா?

ஓய்வுபெற்ற குமாஸ்தா | பதிவு 20

கேட்டுவிட்டீர்கள், அம்மா.

நன்றாகவே நின்றது. ஆண்டுதோறும் மின்கம்பத்தில் மேளம் நிற்கும், அடிகுழாயில் தொடங்கும். நடுவில் இருந்த 110 அடிக்குக் கரகக்காரரின் சலங்கை மட்டும் கேட்கும். பள்ளிவாசல் படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், எப்போது மேளம் தொடங்கும் என்று அடிகுழாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தொடங்கியதும் அவர்களும் கூடவே ஓடுவார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சாலையை அகலப்படுத்தினார்கள். மின்கம்பத்தைப் பிடுங்கி எதிர்ப்புறம், கொஞ்சம் தள்ளி நட்டுவிட்டார்கள். அடிகுழாய் எப்போதோ போய்விட்டது, அந்த இடத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி. இப்போது கோவில் தரப்பு, ஒப்பந்தத்தில் உள்ளது மின்கம்பம், ஆகவே கம்பம் இருக்கும் இடம்தான் எல்லை என்கிறது. ஜமாத், கம்பம் முன்பு இருந்த இடம்தான் எல்லை என்கிறது. வித்தியாசம் பதினெட்டு அடி. மூன்றாம் மணி சொன்ன சுல்தான் எங்கள் ஊருக்கு வந்திருந்தால் மின்வாரியத்துக்கும் சேர்த்து ஓர் உத்தரவு போட்டிருப்பார்.

பழைய கம்பம் எங்கே இருந்தது என்று சொல்லக்கூடியவர்களில் உயிரோடு இருப்பது நானும், அன்றைய கிராம நிர்வாக அலுவலரும். அவருக்குக் கண் தெரிவதில்லை. புதிய வட்டாட்சியர், என் மகளைவிடச் சின்னப் பெண், தொலைபேசியில் கூப்பிட்டார். வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் ஐம்பது அடி டேப் இருக்கிறது, அது போதாது. நூறடி டேப் யாரிடமாவது வாங்க வேண்டும்.